மருந்துக் கூர்க்கன்: பூவைக் கிள்ளிப் போட்டு வளர்க்கிற செடி

[காட்சி: ஒரு செடியின் தண்டை இரண்டு விரல்கள் உருட்டிப் பார்க்கின்றன.]

இந்தத் தண்டை ரெண்டு விரலுக்கு நடுவுல வெச்சு உருட்டிப் பாருங்க. உருளாது. நாலு பக்கமும் விளிம்பு தட்டும். துளசியை உருட்டினாலும் அப்படித்தான், புதினாவை உருட்டினாலும் அப்படித்தான். சதுரத் தண்டு, எதிரெதிரா ரெண்டு ரெண்டு இலை, உதடு பிளந்த மாதிரி பூ, கசக்கினா வாசனை. இந்த நாலும் ஒண்ணா வந்தா புதினாக் குடும்பம்னு கிட்டத்தட்ட கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லிடலாம்.

அந்தக் குடும்பத்துல நாம இலைக்குத்தான் மரியாதை கொடுப்போம். துளசி இலை, புதினா இலை, கற்பூரவள்ளி இலை. ஆனா இந்தச் செடியை விவசாயம் பண்றவங்க இலையைக் கண்டுக்க மாட்டாங்க. பூ வந்தா கிள்ளிப் போட்டுடுவாங்க. எல்லார் கண்ணும் மண்ணுக்குள்ளதான். பேரு மருந்துக் கூர்க்கன். ஆத்தூர், கள்ளக்குறிச்சி பக்கம் வெறும் 'கோலியஸ்'னு சொன்னாலே போதும், புரிஞ்சுக்குவாங்க.

[காட்சி: பூவின் நெருக்கமான படம். பக்கத்தில் ஒரு தும்பைப் பூ.]

கிள்ளிப் போடுற பூவை முதல்ல பார்த்துடலாம், ஏன்னா அதை யாரும் பார்க்கிறதே இல்ல. கதிர் மாதிரி நிமிர்ந்து நிக்குது. நீலமும் ஊதாவும் கலந்த நிறம். மேல் உதடு சின்னது, பின்னால மடிஞ்சிருக்கு. கீழ் உதடு மட்டும் ஒரு குட்டிப் படகு மாதிரி நீண்டிருக்கு. மகரந்தக் காம்புகள் அந்தப் படகுக்குள்ளதான் படுத்திருக்கு.

இப்போ தும்பையைப் பாருங்க. அதுல மகரந்தம் மேல் உதட்டுக்குக் கீழ ஒளிஞ்சிருக்கும். தேனீ வந்து கீழ் உதட்டுல உட்கார்ந்து தலையை நுழைச்சா, முதுகுல பொடி ஒட்டும். கூர்க்கன்ல அப்படியே தலைகீழ், வயித்துல ஒட்டும். துளசியும் இந்தக் கட்சிதான். குடும்பம் ஒண்ணு, ஆனா ஒருத்தர் முதுகுல ஏத்தி விடுறார், இன்னொருத்தர் வயித்துல கட்டி விடுறார்.

கூர்க்கன்ல அந்த மகரந்தக் காம்புகளோட அடிப்பக்கம் ஒண்ணா ஒட்டி ஒரு உறை மாதிரி இருக்கும். கிரேக்கத்துல உறைக்குப் பேரு 'கோலியோஸ்'. அங்கிருந்து வந்ததுதான் கோலியஸ். ஆத்தூர் விவசாயி சொல்ற பேருக்கும் பூவோட அமைப்புக்கும் நேரடி சம்பந்தம் இருக்கு! நடுவுல தாவரவியல்காரங்க இந்தச் செடியை 'பிளெக்ட்ராந்தஸ்'னு மாத்தி வெச்சிருந்தாங்க. 2019-ல் திரும்பவும் கோலியஸுக்கே கொண்டு வந்துட்டாங்க. இப்போ முழுப்பேரு கோலியஸ் பார்பேட்டஸ். பழைய புத்தகங்கள்ல கோலியஸ் ஃபோர்ஸ்கோலி. இந்த ஃபோர்ஸ்கோலியை ஞாபகம் வெச்சுக்கோங்க, திரும்ப வரும்.

[காட்சி: வறண்ட மலைச்சரிவு.]

காட்டுல இது பல வருஷம் வாழுற செடி. இமயமலை அடிவாரச் சரிவுகள்ல இருந்து தக்காண மேடு, கிழக்கு மலைத் தொடர், மேற்கு மலைத் தொடர் வரைக்கும், அந்தப் பக்கம் அரேபியா, கிழக்கு ஆப்பிரிக்கா வரைக்கும் இருக்கு. வெயில் ஏற ஏற மேல இருக்கிறது வாடிப் போனாலும் கீழ வேர்ல சேமிப்பு இருக்கும். மழை வந்தா மறுபடி துளிர்க்கும். நமக்கு மருந்தா இருக்கிற அந்தக் கிழங்கு, அதுக்கு அடுத்த மழை வரைக்குமான கட்டுச்சோறு.

ஒரு குழப்பத்தைத் தீர்த்துடுறேன். திருநெல்வேலி, தென்காசி பக்கம் பொங்கலுக்குச் சமைக்கிற சிறுகிழங்கு இருக்கே, மலையாளத்துல 'கூர்க்க', அது வேற செடி. கோலியஸ் இனத்துல இதோட பங்காளி, அவ்வளவுதான். சிறுகிழங்கு உருண்டையா, மண் வாசனையோட, சோறு மாதிரி மாவுச்சத்து. மருந்துக் கூர்க்கன் அப்படி இல்ல. விரல் பருமனுக்கு, நீளமா, நாலா பக்கமும் கை விரிச்ச மாதிரி ஓடும். வெளியே பழுப்புத் தங்க நிறம். ஒடிச்சு மோந்து பார்த்தா இஞ்சியும் கற்பூரமும் கலந்த ஒரு காட்டமான நெடி. சோப்பு போட்டுக் கழுவின பிறகும் என் விரல்ல ராத்திரி வரைக்கும் அந்த நெடி இருந்துச்சு.

ஆனா அதையும் சாப்பிடுறவங்க இருக்காங்க. குஜராத்துல இதுக்குப் பேரு 'கர்மர்'. வேரைத் துண்டு போட்டு ஊறுகாய் போடுவாங்க. கென்யாவுல வேரை விட்டுட்டு இலையைப் பிடிச்சுக்கிட்டாங்க. இலை பெருசு, மெத்துனு வெல்வெட் மாதிரி முடி. கிராமங்கள்ல கழிப்பறைத் தாளுக்குப் பதிலா இந்த இலையைத்தான் பயன்படுத்துவாங்க, அதுக்காகவே வேலி ஓரமா நட்டு வைப்பாங்க. பிரேசில்ல இதே இலையைக் கசக்கி வயித்துக் கோளாறுக்குக் குடிப்பாங்க.

நம்ம மரபு மருத்துவத்துல? இங்க கொஞ்சம் நிதானமா பேசணும். 'ஆயுர்வேதத்துல பல ஆயிரம் வருஷமா இருக்கிற மூலிகை'ன்னு மாத்திரை டப்பாவுல அச்சடிச்சிருப்பாங்க. இதை 'பாஷாணபேத'னு வடமொழிப் பேரோட சேர்ப்பாங்க. கல்லை உடைக்கிறதுன்னு அர்த்தம். ஆனா அந்தப் பேர்ல ஊருக்கு ஒரு செடி இருக்கு. வடக்கே இமயமலையில பெர்ஜினியா, தெற்கே சில இடத்துல நம்ம பொங்கல் காப்புக் கட்டுல வைக்கிற சிறுபீளை. பழைய ஏட்டுல அந்தப் பேரைப் பார்த்ததுமே இந்தச் செடிதான்னு அடிச்சுச் சொல்ல முடியாது.

[காட்சி: ஆய்வகக் குடுவைகள். திரையில்: 1970-கள்.]

இதுக்கு உலகப் புகழ் வந்தது 1970-கள்ல. இந்தியாவுல ரெண்டு இடத்துல, ஒரே காலத்துல, மூலிகைகளை ஒவ்வொண்ணா எடுத்துச் சாறு இறக்கி விலங்குகள்ல சோதிச்சுக்கிட்டு இருந்தாங்க. ஒண்ணு, லக்னோவுல இருக்கிற மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம். இன்னொண்ணு, பம்பாய்ல ஹெக்ஸ்ட்ங்கிற ஜெர்மன் மருந்துக் கம்பெனியோட ஆராய்ச்சி மையம். ரெண்டு பேருக்கும் இந்த வேர்ச்சாறு ரத்த அழுத்தத்தை இறக்குறது கண்ணுல பட்டுச்சு. ரெண்டு பேரும் அதுல வேலை செய்யுற மூலக்கூறைத் தனியா பிரிச்சாங்க. லக்னோ வெச்ச பேரு கோலியோனால். பம்பாய் வெச்ச பேரு ஃபோர்ஸ்கோலின். பிறகுதான் ரெண்டும் ஒண்ணுன்னு தெரிஞ்சது. நிலைச்சது பம்பாய் வெச்ச பேரு.

அது என்ன பண்ணுதுங்கிறதை அமெரிக்காவுல சீமன், டேலிங்கிற விஞ்ஞானிகள் 1981-ல் எழுதினாங்க. இந்த வீடியோவை நான் எடுத்ததே இந்த இடத்துக்காகத்தான்.

[காட்சி: வயல், கிணறு, மோட்டார் ரூம் வரைபடம்.]

ஒரு தோட்டம்னு நினைச்சுக்கோங்க. முதலாளி டவுன்ல இருக்கார். தண்ணி பாய்ச்சணும்னா போன் பண்ணுவார். வாசல்ல இருக்கிற ஆள் போனை எடுப்பார். அவர் ஒரு பையனை அனுப்புவார். பையன் மோட்டார் ரூமுக்கு ஓடிப் போய் ஸ்டார்ட்டர்ல பச்சைப் பட்டனை அமுக்குவான். மோட்டார் ஓடும், தண்ணி வாய்க்கால்ல பாயும்.

உங்க உடம்புல அட்ரினலின் மாதிரி ஹார்மோன்தான் முதலாளி. அது செல்லுக்குள்ள வரவே வராது, போன் மட்டும்தான். போன் எடுக்கிற வாசல் ஆளுக்குப் பேரு ஏற்பி. ஓடுற பையன் ஜி புரதம். மோட்டார்தான் அடினைலைல் சைக்ளேஸ்ங்கிற நொதி. பாயுற தண்ணி, சைக்ளிக் ஏ.எம்.பி. அந்தத் தண்ணி பாய்ஞ்சாத்தான் இதயச் செல் பலமா துடிக்கும், ரத்தக் குழாய்த் தசை தளரும், கொழுப்புச் செல்லு கொழுப்பைக் கரைச்சு விடும். இந்தத் தண்ணியைக் கண்டுபிடிச்சதுக்குத்தான் எர்ல் சதர்லேண்டுக்கு 1971-ல் நோபல் கொடுத்தாங்க.

இப்போ நம்ம ஃபோர்ஸ்கோலின். இது போனும் பண்றது இல்ல, வாசல்லயும் நிக்கிறது இல்ல. பின்பக்கமா நேரா மோட்டார் ரூமுக்குப் போய் பட்டனை அமுக்கிடுது. ஹார்மோன் வேண்டாம், ஏற்பி வேண்டாம், ஆனா தண்ணி பாயும். அதுவரைக்கும் யார் கையிலயும் இப்படி ஒரு இயற்கைச் சாவி இருந்தது இல்ல.

எப்படி அமுக்குதுன்னு 1997-ல் அந்த நொதியைப் படிகம் ஆக்கி, அதோட வடிவத்தைப் பார்த்தாங்க. மோட்டாரோட வேலை செய்யுற பாகம் ரெண்டு பாதி. ரெண்டுக்கும் நடுவுல ஒரு பள்ளம். ஃபோர்ஸ்கோலின் அந்தப் பள்ளத்துல போய் உட்கார்ந்து, ரெண்டு பாதியையும் ஆப்பு வெச்ச மாதிரி இறுக்கிடுது.

ஆய்வகத்துக்கு இது வரம். ஒரு செல்லுல கோளாறு இருக்குன்னா, கோளாறு போன்லயா, பையன்கிட்டயா, மோட்டார்லயான்னு கண்டுபிடிக்க ஒரு துளி ஃபோர்ஸ்கோலின் விட்டா போதும். மோட்டார் ஓடினா, தப்பு அதுக்கு முன்னாடி எங்கேயோ இருக்கு.

மருந்தாக்குறதுக்கு இதுவே இடைஞ்சல். செல் சவ்வுல இருக்கிற இந்த மோட்டார்ல 9 வகை இருக்கு. ஃபோர்ஸ்கோலின் அதுல எட்டை ஓட விட்டுடும். நம்ம தோட்டத்துக்கு மட்டும் தண்ணி கேட்டா, ஊர்ல இருக்கிற அத்தனை மோட்டாரும் ஓடினா எப்படி? இதை மாத்தி அமைச்ச ஒரு வடிவத்தை ஜப்பான்ல இதயச் செயலிழப்புக்குக் கொடுத்திருக்காங்க. கண்ணழுத்த நோய்க்குச் சொட்டு மருந்தா முயற்சி பண்ணினாங்க. அதைத் தாண்டி மருந்துக்கடை அலமாரியில இதுக்குப் பெரிய இடம் கிடைக்கல.

எனக்கு ரொம்பப் பிடிச்ச பயன்பாடு நெதர்லாந்துல, உட்ரெக்ட்ல நடந்தது. 2013. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ்னு ஒரு பரம்பரை நோய். செல்லோட ஒரு உப்பு வாசல் சரியா வேலை செய்யாததால சளி பிசின் மாதிரி கெட்டியாகிடும். நோயாளியோட பெருங்குடல் கடைசியில இருந்து ஒரு துணுக்குத் திசு எடுத்து, அதைத் தட்டுல குட்டிக் குட்டி உருண்டையா வளர்த்தாங்க. ஃபோர்ஸ்கோலின் விட்டாங்க. உப்பு வாசல் நல்லா இருக்கிறவங்களோட உருண்டை தண்ணி ஏறி பூரி மாதிரி உப்பும். நோயாளியோடது உப்பாது. அதுல ஒரு மருந்தைச் சேர்த்து, உருண்டை உப்புதா இல்லையான்னு பார்த்தா, அந்த ஆளுக்கு அந்த மருந்து கேட்குமான்னு தட்டுலயே தெரிஞ்சுடும்.

[காட்சி: பார் பிடித்த வயல், நுனித் தண்டு நடவு.]

மவுசு வந்ததும் என்ன ஆகும்? காட்டுல தோண்ட ஆரம்பிச்சாங்க. இலை பறிச்சா செடி பிழைக்கும், வேரைப் பறிச்சா அதோட கதை முடிஞ்சது. அதனாலதான் வயலுக்கு வந்தது. சேலம் மாவட்டத்துல ஆத்தூர் சுத்துவட்டாரம், கள்ளக்குறிச்சி, நாமக்கல், கர்நாடகத்துல பல இடம்னு பரவுச்சு.

விதை போடுறது இல்ல. 10, 12 சென்டிமீட்டர் நுனித் தண்டை ஒடிச்சு வேர் பிடிக்க வெச்சு, ஆனி ஆடியில பார் பிடிச்சு நடுவாங்க. அஞ்சு, ஆறு மாசத்துல அறுவடை. நடுவுல பூக்கதிர் வந்தா கிள்ளணும், சத்து கிழங்குக்குத்தான் இறங்கணும். தோண்டி, கழுவி, துண்டு போட்டு, காய வெச்சு மூட்டை. ஒரு கிலோ காய்ஞ்ச கிழங்குல தேறுற ஃபோர்ஸ்கோலின் ஒரு கிராம்ல இருந்து அஞ்சு கிராம். அதுவும் வேரோட மேல்பட்டைச் செல்கள்ல, எண்ணெய்த் துளிகளுக்குள்ளதான் இருக்கு. தோலைச் சீவிட்டா பொன்னைச் சீவின மாதிரி.

எதிரி, தண்ணி தேங்குறது. வேரழுகல், வாடல், நூற்புழு மூணும் சேர்ந்து வந்தா வயலே படுத்துடும். வேப்பம் புண்ணாக்கு, டிரைக்கோடெர்மா விரிடிங்கிற நல்ல பூஞ்சை, சூடோமோனாஸ்ங்கிற நல்ல பாக்டீரியான்னு போட்டுத் தாக்குப் பிடிக்கிறாங்க. இன்னொரு சிக்கல் சந்தை. கத்தரிக்காய் விலை போகலைன்னா இன்னொரு மண்டிக்கு ஏத்தலாம். இதை யார்கிட்ட கொண்டு போறது? அதனால பெரும்பாலும் ஒப்பந்த சாகுபடி. வாங்குறேன்னு சொன்னவர் எழுத்துல கொடுத்திருக்காரான்னு பார்த்துட்டு நடுங்க. வாய் வார்த்தையை நம்பி ஒரு ஏக்கர் போடாதீங்க.

வாங்குறவங்க எதுக்கு வாங்குறாங்க? நிறைய போறது எடை குறைக்கிற மாத்திரைக்கு. கொழுப்புச் செல்லுல தண்ணி பாய்ஞ்சா கொழுப்பு கரையும்னு சொன்னேன்ல, அந்த ஒரு வரியை வெச்சுக் கட்டின வியாபாரம் அது. 2005-ல் 30 ஆண்களுக்கு 12 வாரம் கொடுத்துப் பார்த்த ஒரு சின்ன ஆய்வுல உடம்புக் கொழுப்பு கொஞ்சம் குறைஞ்சது, ஆனா எடையில சொல்லிக்கிற மாதிரி மாற்றம் இல்ல. அதே வருஷம் பெண்கள்கிட்ட பண்ணின ஆய்வுலயும் எடை குறையல. இதை நம்பிக் காசு கொடுக்கிறது வீண்னு நான் நினைக்கிறேன். ரத்த அழுத்த மாத்திரை, ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறவங்களுக்கு வீண் மட்டும் இல்ல, ஆபத்தும்கூட.

[காட்சி: பழைய பாய்மரக் கப்பல் ஓவியம்.]

அந்த ஃபோர்ஸ்கோலிக்கு வர்றேன். பீட்டர் ஃபோர்ஸ்கோல், ஹெல்சிங்கியில பிறந்தவர், செடிகளுக்கு ரெட்டைப் பேரு வைக்கிற முறையைக் கொண்டு வந்த லின்னேயஸோட மாணவர். 1761 ஜனவரியில கோபன்ஹேகன்ல இருந்து டென்மார்க் அரசோட அரேபியப் பயணக் குழுவுல கப்பல் ஏறினார். 1763-ல் ஏமன்ல மலேரியாவுல செத்துப் போனார். வயசு 31. அந்தக் குழுவுல உயிரோட திரும்பினது கார்ஸ்டன் நீபூர் ஒருத்தர்தான். ஃபோர்ஸ்கோல் எழுதி வெச்ச செடிக் குறிப்புகளை 1775-ல் அச்சுல கொண்டு வந்தவரும் அவரே. செடிக்கு வந்த பேரு மூலக்கூறுக்கும் வந்துடுச்சு. 2017-ல் இந்த மூலக்கூறைச் செடி எப்படிச் செய்யுதுன்னு படிப்படியா கண்டுபிடிச்சு, அந்த ஜீன்களை ஈஸ்டுக்குள்ள வெச்சு, ஈஸ்டையே ஃபோர்ஸ்கோலின் செய்ய வெச்சாங்க. எந்த ஊர்ல தெரியுமா? கோபன்ஹேகன்ல.

[காட்சி: மொட்டை மாடி, ஒரு தொட்டி.]

என் தொட்டிச் செடிக்கு ஆறு மாசம் ஆச்சு. முதல்ல வெச்சதை நானே தண்ணி ஊத்தி ஊத்தி அழுக வெச்சேன், இது ரெண்டாவது. பூவைக் கிள்ளல. அதனால கிழங்கு ஒண்ணும் பெருசா இருக்காது. காலையில ஒரு தேனீ வந்து படகுல உட்கார்ந்து எழுந்தப்போ வயிறு மஞ்சளா இருந்துச்சு. வேரைக் காட்டணும்னா செடியைப் பிடுங்கித்தான் ஆகணும். அதனால ரெண்டு நுனித் தண்டை ஒடிச்சுத் தண்ணி கிளாஸ்ல போட்டு வெச்சுட்டேன்.

இப்போ பிடுங்குறேன், பாருங்க.