பரணில் இருக்கும் கோப்பு

நேயர்களுக்கு வணக்கம். கல்லூரி ஒன்றில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். பணி மேம்பாட்டுக்காகச் சேர்த்த கோப்பு இன்னும் வீட்டுப் பரணில் கிடக்கிறது. கருத்தரங்கச் சான்றிதழ், ஆசிரியர்களுக்கான புத்தொளிப் பயிற்சிச் சான்றிதழ், கட்டுரை நகல்கள். நான் எப்படிப் பாடம் நடத்தினேன் என்று சொல்ல அதில் ஒரு தாள்கூட இல்லை.

2010இல் யுஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, ஆசிரியரின் பதவி உயர்வுக்கு ஏ.பி.ஐ. என்ற புள்ளிக்கணக்கைக் கொண்டுவந்தது. கட்டுரைக்கு இத்தனை, கருத்தரங்கத்துக்கு இத்தனை என்று புள்ளி. அப்புறம் என்ன நடந்தது? இதழின் தரத்தைப் பார்க்குமுன் இதழ்களுக்குத் தரும் அடையாள எண்ணான ஐ.எஸ்.எஸ்.என். இருக்கிறதா என்று பார்த்தோம். பணம் வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் இதழ்கள் பெருகின. 2018 மே மாதம் யுஜிசி தான் ஏற்றுக்கொண்ட ஆய்விதழ்களின் பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை நீக்கியது. அதே ஆண்டு வந்த புதிய விதிமுறையில், கல்லூரி ஆசிரியருக்குப் புள்ளிக்குப் பதில் தர மதிப்பீடு. ஒதுக்கிய வகுப்புகளில் 80 சதவீதமோ அதற்கு மேலோ எடுத்திருந்தால் 'நன்று', 70 முதல் 80 வரை என்றால் 'திருப்தி'. இதை நான் வரவேற்றேன். ஆனால் வகுப்பு நடந்ததா என்றுதான் அந்தச் சதவீதம் சொல்லும், பிள்ளைக்குப் புரிந்ததா என்று சொல்லாது.

என்னோடு பணியாற்றிய அம்மையார் ஒருவர். முதலாமாண்டு மாணவர்களை வாராவாரம் ஒரு பக்கம் எழுதச் சொல்வார். வல்லினம் மிகும் இடம் ஒவ்வொன்றிலும் பச்சை மையில் சிறு வட்டம் போட்டுத் திருப்பித் தருவார். ஜூனில் விடுப்புக் கடிதம் எழுதத் திணறிய பையன், மார்ச்சில் தன் ஊர்க் கண்மாயைப் பற்றி நான்கு பக்கம் எழுதிக் கொடுத்தான். வீட்டில் முதல் பட்டதாரி அவன். அந்த நோட்டை எந்தப் படிவத்தில் இணைப்பது? அம்மையாருக்கு இணைப் பேராசிரியர் பதவி தள்ளிக்கொண்டே போனது. கட்டுரை எண்ணிக்கை போதவில்லை என்றார்கள். எனக்கு அது இன்றும் ஆறவில்லை.

சரி, என்ன செய்யலாம்? பருவத்துக்கு இரண்டு முறை, அதே பாடத்தில் மூத்தவர் ஒருவர் கடைசி பெஞ்சில் முழு வகுப்பும் உட்காரட்டும். பார்த்ததை ஒரு பக்கம் எழுதி, அந்த ஆசிரியரிடமே பேசட்டும். ஆண்டின் தொடக்கத்திலும் முடிவிலும் மூன்று மாணவர்களின் நோட்டுகளைப் பதவி உயர்வை முடிவு செய்யும் குழு புரட்டிப் பார்க்கட்டும். நேரம் பிடிக்கும்தான். கட்டுரைக் கட்டுகளைச் சரிபார்க்கவும் நேரம் பிடிக்கத்தானே செய்கிறது?

2025 ஜனவரியில் யுஜிசி வெளியிட்ட வரைவு விதிமுறை, ஆசிரியரின் பங்களிப்பாக ஒன்பது துறைகளைச் சொன்னது. அவற்றில் ஒன்று புதுமையான கற்பித்தல். அதற்கு என்ன சான்று கேட்பார்கள்? இன்னொரு சான்றிதழைக் கேட்க வேண்டாம். அந்தப் பச்சை மை நோட்டைக் கேளுங்கள். வணக்கம்.