வாசலில் வாங்கும் மனு, அவையில் கேட்கும் கேள்வி

[காட்சி: காலை நேரம். ஒரு சட்டமன்ற உறுப்பினர் அலுவலகத்தின் வாசல். செருப்புகள், குடைகள், கையில் மஞ்சள் பையோடு நிற்கும் மக்கள்.]

வணக்கம். எம்.எல்.ஏ.வின் வேலை என்ன என்று குமரி மாவட்டத்தில் யாரிடம் கேட்டாலும் உடனே பதில் வரும். கல்யாண வீட்டுக்கு வர வேண்டும், துட்டி வீட்டுக்கு, அதாவது சாவு வீட்டுக்கு, வர வேண்டும், ரோடு போட்டுத் தர வேண்டும், கேட்டால் சிபாரிசுக் கடிதம் கொடுக்க வேண்டும். இதில் எதையும் நான் குறைத்துப் பேச வரவில்லை. துட்டி வீட்டுக்கு வராதவரை நம் ஆட்கள் நம்ப மாட்டார்கள். அது நியாயமும்தான்.

ஆனால் இவர்கள் சென்னையிலும் டெல்லியிலும் அவைக்குள் என்ன செய்கிறார்கள் என்று நாம் கேட்பதே இல்லை. ஜனநாயகத்தைக் காப்பது என்றால் ஏதோ மேடைப் பேச்சு, நம் குடும்பத்துக்குச் சம்பந்தம் இல்லாதது என்று விட்டுவிடுகிறோம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். என் சித்தி சொன்ன ஒரு வார்த்தை அதை மாற்றியது.

சித்திக்கு வந்துகொண்டிருந்த விதவை உதவித்தொகை ஒரு மாதம் திடீரென்று நின்றுபோனது. காரணம் கேட்டு நான்கு முறை ஓர் அலுவலகத்துக்கு அலைந்தோம். ஒவ்வொரு முறையும் வேறு மேசை, வேறு பதில். கடைசியில் எம்.எல்.ஏ. அலுவலகத்தில் ஒரு கடிதம் வாங்கிக் கொடுத்தோம். இரண்டு மாதத்தில் பணம் வந்துவிட்டது. வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. அன்று சாயங்காலம் சித்தி சொன்னார்: "எனக்கு வந்தாச்சு மக்கா. அடுத்த வீட்டுக்காரிக்கு இன்னும் வரல்லியே."

கடிதம் ஒருவருடைய பிரச்சினையைத்தான் தீர்த்தது. அதே தெருவில் அதே காரணத்தால் பணம் நின்றுபோன மற்றவர்கள் அப்படியே இருந்தார்கள்.

[காட்சி: மக்களவை. பிறகு தமிழ்நாடு சட்டமன்றம்.]

சரி, அதே மனு அவைக்குள் போனால் என்ன ஆகும்?

உறுப்பினர் ஒருவர், "இந்த மாவட்டத்தில் எத்தனை பேருக்கு உதவித்தொகை நிறுத்தப்பட்டது, என்ன காரணம், எப்போது திரும்ப வழங்கப்படும்?" என்று கேட்கிறார் என்று வையுங்கள். அமைச்சர் பதில் சொல்லியாக வேண்டும். அதற்காகத் துறைச் செயலாளர் மாவட்டத்திடம் கணக்குக் கேட்பார், மாவட்டம் தாலுகாவிடம் கேட்கும். நாம் நான்கு முறை போயும் அசையாத அதே மேசை அப்போது அசையும்.

மக்களவையில் ஒரு நாளைக்கு 20 கேள்விகள் நட்சத்திரக் குறியிட்டவை. அவற்றுக்கு அமைச்சர் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டும், துணைக் கேள்விகளும் வரும். இன்னும் 230 கேள்விகளுக்கு எழுத்தில் பதில் தரப்படும். "பரிசீலிக்கப்படும்" என்று அமைச்சர் சொல்லிவிட்டுப் போனால்கூட அது உறுதிமொழியாகப் பதிவாகும். மூன்று மாதத்துக்குள் நிறைவேற்றினார்களா என்று பார்க்கவே ஒரு குழு இருக்கிறது.

சட்டமன்றத்தில் எனக்குப் பிடித்த கருவி வெட்டுத் தீர்மானம். ஒரு துறைக்குப் பணம் ஒதுக்கும் மானியக் கோரிக்கை வரும்போது, அதில் ஒரு சிறு தொகையைக் குறைக்க வேண்டும் என்று உறுப்பினர் தீர்மானம் கொடுக்கலாம். மக்களவையில் இதற்கான அடையாளத் தொகை 100 ரூபாய். கோடிக்கணக்கான ரூபாயில் 100 ரூபாய் குறைந்து என்ன ஆகப்போகிறது? அந்த 100 ரூபாயைச் சாக்காக வைத்துத்தான் நம் ஊர்க் கால்வாயும் நம் ஊர்ப் பாலமும் அவைப் பதிவுக்குள் நுழைகின்றன.

அப்புறம், தமிழ்நாடு சட்டமன்றத்துக்கு மனுக்கள் குழு என்று ஒன்று உண்டு. மாவட்டம் மாவட்டமாக வந்து மனு வாங்குகிறது. முதியோர் ஓய்வூதியம், பட்டா, வேலை போன்ற தனி ஆளின் கோரிக்கையை அது எடுத்துக்கொள்வதில்லை. பல ஆண்டுகளாகத் தீராத பொதுப் பிரச்சினையாக இருக்க வேண்டும். சித்தி சொன்னதை நினைத்தால் இந்த விதியின் அர்த்தம் எனக்கு நன்றாகவே புரிகிறது.

[காட்சி: தூத்தூர் கடற்கரை. அலை. கரையேறி நிற்கும் படகுகள்.]

இப்போது கடலோரத்துக்கு வருவோம். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி, பூத்துறை என்று மேற்குக் கடலோர ஊர்களின் ஆட்கள் ஆழ்கடலில் வாரக்கணக்கில் தங்கித் தொழில் செய்பவர்கள். எச்சரிக்கை வந்தபோது அவர்கள் எப்போதோ புறப்பட்டுப் போயிருந்தார்கள். அவ்வளவு தூரத்துக்குச் சேதி சொல்ல வழி இல்லை.

டிசம்பர் 7 அன்று ஆயிரக்கணக்கானவர்கள் குழித்துறை ரயில் நிலையத்துக்கு நடந்துபோய்த் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். கேட்டது ஒன்றுதான்: எங்கள் ஆட்களைத் தேடுங்கள். 12-ம் தேதி முதலமைச்சர் தூத்தூருக்கு வந்தார். 19-ம் தேதி பிரதமர் கன்னியாகுமரிக்கு வந்தார்.

அதற்குப் பிறகு வந்த சிக்கலை வெளியூர்க்காரர்கள் அவ்வளவாகக் கவனிக்கவில்லை. காணாமல் போனவர் இறந்துவிட்டதாகச் சட்டம் அனுமானிக்க, அப்போதிருந்த சாட்சியச் சட்டத்தின் 108-வது பிரிவுப்படி ஏழு ஆண்டுகள் தகவல் இல்லாமல் இருந்திருக்க வேண்டும். உடல் கிடைக்காத வீட்டில் ஒரு பெண் ஏழு ஆண்டுகள் எதை வைத்துச் சோறு பொங்குவாள்? இறப்புச் சான்றிதழ் இல்லாவிட்டால் காப்பீடும் இல்லை, வங்கிக் கணக்கிலும் கை வைக்க முடியாது. அரசு இந்தக் காத்திருப்பைத் தளர்த்தி, மீண்டு வராதவர்களின் குடும்பங்களுக்கு நிவாரணம் கொடுத்தது. ஒரு சிபாரிசுக் கடிதத்தால் இது நடந்திருக்காது. அரசின் முடிவே மாற வேண்டியிருந்தது. மக்கள் தண்டவாளத்தில் உட்கார்ந்து எழுப்பிய குரலைக் கோட்டைக்குள் எடுத்துப்போகத்தான் நாம் ஓட்டுப் போட்டு ஓர் ஆளை அனுப்புகிறோம்.

[காட்சி: பழைய வரைபடம். திருவிதாங்கூர்-கொச்சி. தெற்கே நான்கு தாலுகாக்கள்.]

இந்த மாவட்டமே அப்படித்தான் பிறந்தது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தபோது, தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று போராடியவர்களுக்குத் தலைமை தாங்கியவர் பள்ளியாடியில் பிறந்த வழக்கறிஞர் மார்ஷல் நேசமணி. அவர் தெருவிலும் நின்றார், அவையிலும் நின்றார். 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டது. உயிர்கள் போயின.

அன்று ஆட்சியில் இருந்தது பிரஜா சோஷலிஸ்ட் கட்சி, முதலமைச்சர் பட்டம் தாணு பிள்ளை. அதே கட்சியின் பொதுச்செயலாளர் ராம் மனோகர் லோகியா, மக்களைச் சுட்ட அரசு நீடிக்கக் கூடாது, பதவி விலகுங்கள் என்று தன் சொந்தக் கட்சி அரசிடமே கேட்டார். பட்டம் விலகவில்லை. கட்சிக்குள் பெரிய பிளவு வந்தது. உத்தரப்பிரதேசத்துக்காரர் ஒருவர் நம் மார்த்தாண்டத்து ஆட்களுக்காகத் தன் கட்சியையே பகைத்துக்கொண்டார். இதை நம் பள்ளிப் பிள்ளைகளுக்கு யாராவது சொல்ல வேண்டும் என்று எனக்கு நெடுநாளாக ஆசை.

1956-ல் நாடாளுமன்றம் மாநிலங்கள் மறுசீரமைப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி மாவட்டம் வந்தது.

[காட்சி: கருப்பு வெள்ளைப் படம். நாகர்கோவில் தேர்தல் கூட்டம்.]

நேசமணி 1968-ல் மறைந்தபோது அவர் நாகர்கோவில் எம்.பி. அடுத்த ஆண்டு இடைத்தேர்தலில் நம் மக்கள் தேர்ந்தெடுத்தது, விருதுநகரில் தோற்றிருந்த காமராஜரை. 1971-லும் அவரே. 1975 ஜூனில் நெருக்கடி நிலை வந்தது. எதிர்க்கட்சித் தலைவர்கள் சிறைக்குப் போனார்கள். ஜூலையில் கூடிய நாடாளுமன்றத்தில் கேள்வி நேரமே வேண்டாம் என்று தீர்மானம் போட்டார்கள். அதாவது, நாகர்கோவில் எம்.பி. என்று ஒருவர் இருந்தும், நாகர்கோவிலுக்காக ஒரு கேள்வி கேட்க இடம் இல்லாமல் போனது. அந்த ஆண்டு அக்டோபர் 2 அன்று காமராஜர் காலமானார், எம்.பி.யாக இருக்கும்போதே.

கேள்வி நேரம் போனால் சித்தியின் உதவித்தொகையைப் பற்றிக் கேட்கும் வழியும் சேர்ந்து போகிறது. ஜனநாயகத்தைக் காப்பது என்று நான் சொல்வது இதைத்தான்.

இன்று கேள்வி நேரம் இருக்கிறது. அவைக்குள் பேசியதற்காக உறுப்பினரை நீதிமன்றத்துக்கு இழுக்க முடியாது என்று அரசியலமைப்பின் 105, 194-வது பிரிவுகள் சொல்கின்றன. ஆனாலும் அவையில் உறுப்பினர் ஓட்டுப் போடும்போது, எந்தப் பக்கம் போட வேண்டும் என்று சொல்லும் கட்சிக் கொறடாவின் உத்தரவு குறுக்கே நிற்கிறது. 1985-ல் வந்த கட்சித்தாவல் தடைச் சட்டப்படி, உத்தரவை மீறினால் பதவி போகலாம். கட்சி மாறி ஓட்டை விற்பதைத் தடுக்க இப்படி ஒரு சட்டம் தேவைதான். 2024 பிப்ரவரியில் விளவங்கோட்டு உறுப்பினர் கட்சி மாறிப் பதவி விலகினார், ஏப்ரல் 19-ல் மக்கள் மறுபடி ஓட்டுப் போட வேண்டியிருந்தது. ஆனால் தொகுதியைப் பாதிக்கும் எல்லா மசோதாவிலும் கொறடா சொல்வதே இறுதி என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. நம்பிக்கை வாக்கெடுப்போடு இதை நிறுத்திக்கொள்ளலாம் என்று தேர்தல் சீர்திருத்தங்களை ஆராய்ந்த தினேஷ் கோஸ்வாமி குழு 1990-லேயே சொல்லிவிட்டது.

தொகுதி நிதியைப் பற்றி ஒரு வார்த்தை. எம்.பி.க்கு ஆண்டுக்கு 5 கோடி, தமிழ்நாட்டில் எம்.எல்.ஏ.வுக்கு 3 கோடி. அந்தப் பணம் அவர் கைக்கு வராது. அவர் பரிந்துரைப்பார், மாவட்ட நிர்வாகம் செலவழிக்கும். பேருந்து நிறுத்தத்தில் பெயர் எழுதியிருக்கும் அளவுக்கு அது பெரிய விஷயம் இல்லை.

[காட்சி: வீட்டுத் திண்ணை. ஒரு நோட்டு, பேனா, ஐந்து பெண்கள்.]

போன மாதம் சித்தி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அடுத்த வீட்டுக்காரியின் மனுவை மறுபடி எழுதினோம். இந்த முறை தெருவில் பணம் நின்றுபோன ஐந்து பேரும் கையெழுத்துப் போட்டார்கள். "ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறோம்" என்ற வழக்கமான வரியை எடுத்துவிட்டு, மூன்று கேள்விகள் எழுதினோம். இந்தத் தாலுகாவில் எத்தனை பேருக்கு நின்றது? எந்தக் காரணத்தால்? எந்தத் தேதிக்குள் திரும்ப வரும்? இதை அவையில் கேளுங்கள் என்று மேலே எழுதி, எம்.எல்.ஏ. அலுவலகத்தில் சித்தியே கொண்டுபோய்க் கொடுத்தார்.