பெற்றோர் வீட்டில் வழிபாடு நடத்திய குற்றம்

(மனித உரிமைகள் பற்றிய ஒரு கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத் தலைவர் அவர்களே, நண்பர்களே,

மத ஒடுக்குமுறை என்றதும் ஒரு மதத்தார் இன்னொரு மதத்தாரை நசுக்குவதுதான் நம் நினைவுக்கு வரும். இன்று நான் பேசப்போகும் வழக்கில் இரு தரப்பும் ஆர்த்தடாக்ஸ் கிறித்தவர்கள்: ஒரு தரப்பு மாசிடோனியத் திருச்சபை, மறு தரப்பு செர்பியத் திருச்சபையைச் சார்ந்தவர்கள். ஒரே மதம், ஒரே பிரிவு, ஒரே வழிபாட்டு முறை. குருமார் அணியும் கறுப்பு அங்கிகூட ஒன்றுதான். தெருவில் எதிரெதிரே நடந்து வந்தால் யார் எந்தத் திருச்சபை என்று உங்களால் சொல்ல முடியாது.

2004 ஜனவரி. இன்று வட மாசிடோனியா எனப்படும் நாட்டின் தெற்கே, பிட்டோலா நகரில் ஒரு அடுக்குமாடி வீடு. பேராயர் யோவான் வ்ரானிஷ்கோவ்ஸ்கி அங்கே சில துறவியருடனும் கன்னியாஸ்திரிகளுடனும் வழிபாடு நடத்துகிறார். போலீஸ் நுழைகிறது, அனைவரையும் அழைத்துச் செல்கிறது. இன, மத வெறுப்பைத் தூண்டியதாகப் பேராயர் மீது வழக்கு. அந்த வெறுப்பு எதில் இருந்தது என்று பார்த்தால் மூன்று செயல்கள் வருகின்றன. திருச்சபை நாட்காட்டி ஒன்றில் எதிர்த்தரப்பான மாசிடோனியத் திருச்சபையைச் சாடி எழுதியிருந்தார். செர்பியத் திருச்சபை கொடுத்த பொறுப்பை ஏற்றுக்கொண்டார். தன் பெற்றோருக்குச் சொந்தமான வீட்டில் வழிபாட்டில் பங்கேற்றார். தண்டனை 18 மாதச் சிறை.

அந்த மூன்றாவதை நீங்கள் சரியாகத்தான் கேட்டீர்கள். பெற்ற தாய் தந்தையின் வீட்டில் கும்பிட்டதும் குற்றப் பட்டியலில் இருக்கிறது.

இது எப்படி நடந்தது என்பதற்குக் கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும். அதே நாட்டில் ஒஹ்ரித் என்ற ஏரிக்கரை ஊர் பைசாந்தியப் பேரரசின் காலத்திலிருந்தே ஒரு பேராயத்தின் தலைமையிடம். 1767இல் ஒட்டோமான் ஆட்சி அந்தப் பேராயத்தைக் கலைத்தது. இருபதாம் நூற்றாண்டில் அந்தப் பகுதியின் ஆலயங்கள் செர்பியத் திருச்சபையின் கீழ் வந்தன. யுகோஸ்லாவியாவில் கம்யூனிஸ்ட் தலைவர் டிட்டோவின் ஆட்சி நடந்தபோது, 1967இல், கலைக்கப்பட்ட 200ஆவது ஆண்டைக் குறித்துக்கொண்டு, மாசிடோனியத் திருச்சபை தனக்குத் தானே தலைமை என்று அறிவித்தது. கடவுளே இல்லை என்று சொன்ன கட்சி ஒரு திருச்சபை பிறக்கத் தோள் கொடுத்தது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் சிரிப்பு வரும். உலகின் மற்ற ஆர்த்தடாக்ஸ் திருச்சபைகள் எதுவும் அதை ஏற்கவில்லை. அரை நூற்றாண்டுக்கும் மேலாக அது ஒதுக்கிவைக்கப்பட்ட திருச்சபையாகவே இருந்தது.

2002 மே மாதம் செர்பியாவின் நிஷ் நகரில் ஒரு சமரச உடன்பாடு எழுதப்பட்டது. தனித் தலைமையைக் கைவிட்டு, ஒஹ்ரித் பேராயம் என்ற பெயரில் செர்பியத் திருச்சபைக்குள் தன்னாட்சி பெறலாம் என்பது அதன் சாரம். மாசிடோனிய ஆயர்கள் மூவர் கையெழுத்திட்டார்கள். ஊரில் கூச்சல் எழுந்ததும் அவர்களின் ஆயர் மன்றம் அதை நிராகரித்தது. வெலெஸ் மறைமாவட்டத்தின் பேராயராக இருந்த யோவான் மட்டும் அந்த ஜூனில் செர்பியத் திருச்சபையுடன் இணைந்துகொண்டார். ஜூலையில் போலீஸ் அவரை அவருடைய ஆயர் இல்லத்திலிருந்து வெளியேற்றியது.

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். 1967இல் ஒரு திருச்சபை யாரையும் கேட்காமல் பிரிந்து போனது. அது தேச விடுதலை. 2002இல் ஒரு பேராயர் அந்தத் திருச்சபையிலிருந்து பிரிந்து போனார். அது தேசத் துரோகம்.

மாசிடோனியர்களின் அச்சத்தை நான் எள்ளி நகையாடவில்லை. அவர்களின் நாட்டுப் பெயரை கிரேக்கம் ஏற்கவில்லை. மொழியை பல்கேரியா தனி மொழியாக ஏற்கவில்லை. திருச்சபையை செர்பியா ஏற்கவில்லை. 2001இல்தான் அல்பேனியக் கிளர்ச்சியாளர்களுடன் ஆயுத மோதல் நடந்து முடிந்திருந்தது. அப்படிப்பட்ட நாட்டில், செர்பியாவுடன் கைகோத்த ஒரு பேராயரைச் சந்தேகத்தோடு பார்ப்பார்கள் என்பது எதிர்பார்க்கக்கூடியதே. கோபப்படட்டும், கண்டனக் கூட்டம் போடட்டும், கோயிலுக்குள் விடமாட்டோம் என்று சொல்லட்டும். போலீஸ் எங்கே வந்தது என்பதுதான் என் கேள்வி.

போலீஸ் வந்த வழி சட்டத்தில் இருந்தது. 1997ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு சமயப் பிரிவுக்கு ஒரே ஓர் அமைப்புக்குத்தான் இடம் கொடுத்தது. ஆர்த்தடாக்ஸ் பிரிவின் இடம் ஏற்கெனவே நிரம்பிவிட்டது. அரசியல் சாசனமே மாசிடோனியத் திருச்சபையைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. ஆக, செர்பியத் திருச்சபைக்குள் யோவான் தலைமையேற்ற ஒஹ்ரித் பேராயம் மனுக் கொடுத்தபோதெல்லாம் பதிவு மறுக்கப்பட்டது. பதிவு இல்லாவிட்டால் என்ன, சாமி கும்பிடக் காகிதம் வேண்டுமா என்று நீங்கள் கேட்கலாம். கும்பிடக் காகிதம் வேண்டாம், ஆனால் அமைப்பின் பெயரில் நிலம் வாங்க வேண்டும், கட்ட அனுமதி கேட்க வேண்டும், வங்கிக் கணக்கு திறக்க வேண்டும், யாராவது அடித்தால் நீதிமன்றம் போக வேண்டும். சட்டத்தின் கண்ணில் இல்லாத அமைப்பு இவற்றில் எதைச் செய்யும்?

பிட்டோலா அருகே நீஷெபோலே என்ற கிராமத்தில் நடந்ததைச் சொல்கிறேன். அங்கே இவர்களுக்குப் புனித யோவான் கிறிசோஸ்தோம் பெயரில் ஒரு மடம் இருந்தது. 2004 பிப்ரவரியில் ஆயுதம் தாங்கிய ஆட்கள் இரவில் புகுந்து, கன்னியரை மிரட்டி, மடத்துக்குத் தீ வைத்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில் அங்கே கட்டப்பட்டிருந்த ஆலயத்தை அரசே இடித்தது. காரணம், கட்டட அனுமதி இல்லையாம். பதிவைக் கொடுக்காத அரசு, அனுமதிச் சீட்டு எங்கே என்று கேட்கிறது! எந்த ஊர் அதிகாரியாக இருந்தாலும் இந்தத் தந்திரம் மட்டும் சொல்லிக்கொடுக்காமலே வந்துவிடுகிறது.

அதற்கு முந்தைய ஆண்டு இன்னொன்று. பிட்டோலாவின் ஆலயம் ஒன்றுக்கு உறவினர் வீட்டுக் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கப் போனார் யோவான். கைது செய்து உள்ளே வைத்தார்கள். ஆலயம் எதிர்த்தரப்பின் கையில் இருந்தது, அவர் அனுமதியின்றி நுழைந்தார் என்றே வைத்துக்கொள்வோம். வாசலில் நிறுத்தித் திருப்பி அனுப்பியிருக்கலாமே.

2005 ஜூலையில் ஸ்கோப்யே அருகிலுள்ள இத்ரிசோவோ சிறைக்கு அவர் போனார். மனச்சாட்சியின் கைதி, அதாவது நம்பிக்கைக்காகச் சிறைப்பட்டவர், என்று ஆம்னஸ்டி இன்டர்நேஷனல் என்ற மனித உரிமை அமைப்பு அறிவித்தது. 2006 மார்ச்சில் வெளியே வந்தார். அத்துடன் முடியவில்லை. வெலெஸில் இருந்த காலத்துத் திருச்சபைப் பணத்தைக் கையாடியதாக வழக்குகள் வந்தன. 2010இல் பல்கேரியாவில் பிடிபட்டார்; அந்த நாட்டு நீதிமன்றம் அவரை ஒப்படைக்க மறுத்தது. 2011 இறுதியில் தாய்நாட்டின் எல்லையில் மீண்டும் கைதானார். 2015 தொடக்கத்தில்தான் விடுதலை. பண வழக்கில் அவர் தூய்மையானவரா என்று தீர்ப்புச் சொல்ல நான் யாருமில்லை. ஒன்றை மட்டும் கவனிக்கிறேன். முதல் தண்டனையில் பணத்தைப் பற்றிய பேச்சே இல்லை. அது எழுத்துக்கும், பொறுப்பை ஏற்றதற்கும், வழிபாட்டுக்கும் கிடைத்த தண்டனை. ஒருவரை அதற்காக ஒரு முறை சிறையில் அடைத்த அரசு, பிறகு கொண்டுவரும் உண்மையான வழக்கைக்கூட உலகம் நம்பத் தயங்கும்.

பக்கத்துப் பகுதியிலேயே ஒரு முன்மாதிரித் தீர்ப்பு அப்போதே கையில் இருந்தது. மால்டோவாவில் 1992இல் தொடங்கிய பெசராபியத் திருச்சபையையும் அந்நாட்டு அரசு பதிவு செய்ய மறுத்தது. மாஸ்கோவின் கீழுள்ள திருச்சபையை 1993இல் ஏற்ற அரசு, ருமேனியாவைச் சார்ந்த இதை ஏற்கவில்லை. குருமாரும் விசுவாசிகளும் தாக்கப்பட்டபோது பாதுகாப்புக் கேட்கவும் அவர்களுக்கு வழியில்லை. 2001 டிசம்பரில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், அங்கீகாரம் மறுத்தது மதச் சுதந்திரத்தை மீறிய செயல் என்று தீர்ப்பளித்தது. திருச்சபைச் சண்டையில் அரசு நடுநிலையாக இருக்க வேண்டும். ஒரு தலைமையின் கீழ் வா என்று விசுவாசிகளை நெருக்கக் கூடாது என்றது. மறு ஆண்டே மால்டோவா பதிவு கொடுத்தது.

மாசிடோனியா இதைப் படித்ததாகத் தெரியவில்லை. 2007இல் புதிய மதச் சட்டம் வந்த பிறகும் பதிவு மறுப்புத் தொடர்ந்தது: அந்தப் பெயர் எங்களுடையது, உங்கள் தலைமை வெளிநாட்டில் இருக்கிறது என்று காரணங்கள் மட்டும் மாறின. 2017 நவம்பரில் அதே ஐரோப்பிய நீதிமன்றம் இந்த மறுப்பையும் உரிமை மீறல் என்றது. முதல் மறுப்பிலிருந்து 13 ஆண்டுகள்.

2022 மே மாதத்தில்தான் பெரிய திருப்பம். ஆர்த்தடாக்ஸ் தலைவர்களில் முதன்மையானவராகக் கருதப்படும் கான்ஸ்டான்டினோபிள் பிதாப்பிதா மாசிடோனியத் திருச்சபையுடன் உறவை ஏற்றார். சில நாட்களிலேயே செர்பியத் திருச்சபையும் அதன் தனித் தலைமையை ஒப்புக்கொண்டது. யாருடன் சேர்ந்ததற்காக யோவான் துரோகி ஆனாரோ அவர்களுடன் இப்போது மாசிடோனிய ஆயர்கள் ஒரே பலிபீடத்தில் நின்று வழிபாடு நடத்துகிறார்கள். சண்டைதான் தீர்ந்துவிட்டதே, இன்னும் ஏன் இதைப் பேச வேண்டும் என்று கூட்டத்துக்கு வரும்போது ஒரு நண்பர் கேட்டார். தீர்த்தது ஆயர்கள். பேசி, கடிதம் எழுதி, ஒருவரை ஒருவர் ஏற்றுத் தீர்த்தார்கள். போலீஸோ, சிறையோ, இடித்துத் தள்ளிய ஆலயமோ அந்தத் தீர்வை ஓர் அங்குலம்கூட முன்னே நகர்த்தவில்லை. ஆலயக் கட்டடம் யாருக்கு என்பதை 2002இலேயே உரிமையியல் நீதிமன்றத்தில் விட்டிருக்கலாம். உண்மையான ஆயர் யார் என்ற தகராறை அவர்களுக்குள்ளேயே விட்டிருக்கலாம். பிட்டோலாவின் அந்த வீட்டில் நடந்ததைப் பற்றி அரசுக்கு எந்த வேலையும் இருந்திருக்காது.