கிறிஸ்துவுக்குள் என்கிற சொல்

கிறிஸ்துவுக்குள் பிரியமானவர்களே,

நான் எப்போதும் இப்படித்தான் பேச்சைத் தொடங்குவேன். நீங்களும் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, விஷயம் இனிமேல்தான் வரும் என்று உட்கார்ந்திருக்கிறீர்கள். விஷயம் வந்து போய்விட்டது. அந்த முதல் சொல்தான் இன்றைக்குப் பேச்சு. கடிதம் எழுதினாலும், நன்றி சொன்னாலும், மேடை ஏறினாலும் "கிறிஸ்துவுக்குள்" என்று போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறோம். ஒருவர் இன்னொருவருக்குள் இருப்பது என்றால் என்ன? யோசித்தால் விசித்திரமான பேச்சுதான்.

"கிறிஸ்தவன்" என்ற பெயர் புதிய ஏற்பாட்டில் மூன்றே இடங்களில் வருகிறது. அப்போஸ்தலருடைய நடபடிகளில் இரண்டு, பேதுருவின் முதல் நிருபத்தில் ஒன்று. பவுலின் நிருபங்களில் ஓர் இடத்தில்கூட இல்லை. அவர் கையில் இருந்தது "கிறிஸ்துவுக்குள்", "கர்த்தருக்குள்", "அவருக்குள்" என்பவைதான். எல்லாம் சேர்த்து நூறு இடங்களுக்கு மேல் எழுதியிருக்கிறார். ரோமர் 16இல் அன்றோனீக்கு, யூனியா என்று இருவரை வாழ்த்தும்போது, அவர்கள் "எனக்கு முந்திக் கிறிஸ்துவுக்குட்பட்டவர்கள்" என்கிறார். எனக்கு முந்தி விசுவாசித்தவர்கள் என்று எழுதியிருந்தாலும் யாரும் குறை சொல்லப் போவதில்லை. ஆனால் அவருக்கு அப்படி வரவில்லை. தான் நுழைந்த வீட்டில் இந்த இரண்டு பேரும் ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தது மாதிரி சொல்கிறார்.

இந்தப் பேச்சு அவருக்கு எங்கிருந்து வந்தது? என்னைக் கேட்டால் தமஸ்கு ரோட்டில் என்பேன். அப்போஸ்தலர் 9. இயேசுவை விசுவாசித்த ஸ்தேவானைக் கல்லெறிந்தபோது சாட்சிக்காரர்கள் தங்கள் வஸ்திரங்களை வைத்தது, அப்போது சவுல் என்று அழைக்கப்பட்ட இந்தப் பவுலின் காலடியில். அதற்குப் பிறகு வீடு வீடாக நுழைந்து, ஆண்களையும் பெண்களையும் இழுத்துக்கொண்டுபோய்க் காவலில் போட்டவர். அவர் கை பட்டதெல்லாம் இந்த மனுஷர்கள் மேல்தான். இயேசுவோ பரமேறிவிட்டார். சவுலின் கை அவரை எட்டப் போவதே இல்லை. ஆனால் வானத்திலிருந்து வந்த கேள்வி, "சவுலே, சவுலே, நீ என்னை ஏன் துன்பப்படுத்துகிறாய்?" என் ஜனங்களை என்று கேட்கவில்லை, என் சபையை என்றும் கேட்கவில்லை. "என்னை." எருசலேமில் ஒரு விதவையின் கதவை உதைத்தால் பரலோகத்தில் ஒருவருக்கு வலிக்கிறது. பின்னால் பவுல் அவயவம், சரீரம், தலை என்று எழுதியதெல்லாம் இந்த ஒற்றைச் சொல்லை விரித்து எழுதியதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

சரி, அப்படியென்றால் இரண்டறக் கலந்துவிடுவதா? தமிழில் இதைப் பேசும்போது இந்தக் கேள்வி வராமல் இருக்காது. நமக்குப் பழக்கமான சொல் அது. உப்புப் பொம்மை கடலில் கரைந்ததுபோல் நான் கரைந்துபோவதா?

கலாத்தியர் 2:20ஐ மெதுவாகப் படித்துப் பாருங்கள். "இனி நான் அல்ல, கிறிஸ்துவே எனக்குள் பிழைத்திருக்கிறார்." இந்த இடத்தில் நிறுத்திவிட்டால் கரைந்துபோன மாதிரிதான் தெரியும். பல பிரசங்கங்கள் இங்கேதான் நிறுத்துகின்றன. ஆனால் வசனம் நிற்கவில்லை. "நான் இப்பொழுது மாம்சத்தில் பிழைத்திருக்கிறதோ" என்று போகிறது. போன "நான்" திரும்பி வந்துவிட்டான்! அதோடு, "என்னில் அன்புகூர்ந்து எனக்காகத் தம்மைத்தாமே ஒப்புக்கொடுத்த" என்கிறார். அன்பு செலுத்த இரண்டு பேர் வேண்டும். கரைந்துபோனவனை நேசிக்க முடியாது.

பவுல் இதற்கு எடுத்துக்கொண்ட படம் ஒட்டுக்கட்டுவது. ஒட்டுக்கட்டுகிறவர் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறீர்களா? குச்சியின் அடிப்பக்கத்தை இரண்டு புறமும் சீவி ஆப்பு மாதிரி ஆக்குவார். அப்புறம் வேர்ச்செடியின் தண்டை நடுவில் பிளப்பார். இதைக் கவனியுங்கள்: இரண்டிலும் வெட்டு விழ வேண்டும். வெட்டுப்படாத தண்டில் எந்தக் குச்சியும் ஒட்டாது. பட்டைக்கு அடியில் இருக்கிற மெல்லிய பச்சைப் படலமும் படலமும் தொடுகிற மாதிரி செருகி, காற்றுப் புகாமல் சுற்றிக் கட்டிவிடுவார். சில வாரம் வெளியே ஒன்றும் தெரியாது. குச்சி செத்துவிட்டதோ என்று நமக்குச் சந்தேகம் வரும். ஒரு நாள் மொட்டு விரியும். அந்தத் துளிருக்கு நீர் குச்சியில் சேர்த்து வைத்ததிலிருந்து வரவில்லை, கீழே வேரிலிருந்து வந்தது. ஆனாலும் குச்சி குச்சியாகத்தான் இருக்கிறது. தன் இனத்து இலையைத்தான் விடுகிறது.

ஒரு சின்ன விஷயம். தோட்டக்காரர்கள் காட்டுச்செடியில் நல்ல குச்சியை ஒட்டுவார்கள். ரோமர் 11இல் பவுல் தலைகீழாக, காட்டொலிவக் கிளையை நல்ல ஒலிவமரத்தில் ஒட்டுகிறார். அவருக்குத் தோட்டவேலை தெரியாது என்று சிலர் சிரிப்பதுண்டு. அவரே "சுபாவத்துக்கு விரோதமாய்" என்று எழுதி வைத்திருக்கிறார், தெரிந்துதான் செய்கிறார். இந்த ஒட்டு இயற்கையாக நடக்கக்கூடியது அல்ல என்பதுதான் அவர் பேச்சே.

இந்த ஐக்கியத்தில் கைமாறுவது என்ன? பிலேமோனுக்கு எழுதிய ஒரே அதிகாரக் கடிதத்தில் அது இருக்கிறது. ஓடிப்போன அடிமை ஒநேசிமுவை எஜமான் பிலேமோனிடம் திருப்பி அனுப்பும்போது பவுல் இரண்டு வரி எழுதுகிறார். "என்னை ஏற்றுக்கொள்வதுபோல அவனையும் ஏற்றுக்கொள்ளும்." அடுத்த வரி, அவன் கடன்பட்டது உண்டானால் "அதை என் கணக்கிலே வைத்துக்கொள்ளும்." என் மரியாதை அவனுக்கு, அவன் கடன் எனக்கு. 1520இல் சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் இதையே மணமகனும் மணமகளும் என்று வைத்து எழுதினார்: கல்யாணம் ஆனதும் அவளுடைய பாவம் அவருடையது, அவருடைய நீதி அவளுடையது. நான் நீதிமானாக எண்ணப்படுவது கடவுள் கண்ணை மூடிக்கொண்டதால் வந்த சலுகை என்று நினைத்துவிடக் கூடாது. கிறிஸ்துவோடு சேர்ந்துவிட்டதால், அவருக்குரியது எனக்கும் உரியதாகிறது.

"இப்போதெல்லாம் ஜெபத்தில் ஒன்றுமே உணர முடியவில்லை, அவர் என்னை விட்டுப் போய்விட்டாரோ" என்று ஒரு அம்மா என்னிடம் அழுதார். எனக்கு ஒருமுறை நடந்ததைச் சொன்னேன். ஆபரேஷனுக்காக மயக்க மருந்து கொடுத்தார்கள். பத்திலிருந்து பின்னோக்கி எண்ணச் சொன்னார்கள்; ஏழு வரை நினைவிருக்கிறது. அடுத்த நான்கு மணி நேரம் நான் ஜெபிக்கவில்லை, துதிக்கவில்லை, விசுவாசிக்கிறேன் என்று நினைக்கக்கூட இல்லை. அப்போது நான் எங்கே இருந்தேன்? "உங்கள் ஜீவன் கிறிஸ்துவுடனேகூட தேவனுக்குள் மறைந்திருக்கிறது" என்று கொலோசெயர் 3 சொல்கிறது. மறைந்திருப்பது எனக்கே தெரியாமல் போகிற நேரமும் உண்டு. அந்த அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஏழோடு நின்றுவிட்டீர்களா ஐயா?" என்று சிரித்தார்.

தெசலோனிக்கேயா சபைக்கும் இந்த மாதிரி ஒரு பயம் இருந்தது. கர்த்தர் வருவதற்குள் தங்களில் சிலர் இறந்துபோனார்கள். போனவர்கள் போனதுதானா? அவர்களுக்கு எழுதிய முதல் கடிதத்தின் நான்காம் அதிகாரத்தில் பவுல் இறந்தவர்களைக் "கிறிஸ்துவுக்குள் மரித்தவர்கள்" என்கிறார். மூச்சு நின்று, நினைவு நின்று, உடம்பைப் புதைத்தும் ஆயிற்று. "உள்" மட்டும் அப்படியே இருக்கிறது. அந்தக் கடிதத்தின் முதல் வசனத்துக்குத் திரும்பிப் போய்ப் பாருங்கள். உயிரோடிருந்து, கடிதத்தை வாசிக்கப் போகிற சபைக்கு முகவரி எழுதுகிறார்: "பிதாவாகிய தேவனுக்குள்ளும் கர்த்தராகிய இயேசுகிறிஸ்துவுக்குள்ளும் இருக்கிற தெசலோனிக்கேயர் சபைக்கு."