‘எல்லா அண்ட் லூயி’: 45 சுற்றில வாங்கலாமோ?

அடுத்தது வெள்ளவத்தையில இருந்து ஒரு தம்பி கேட்டது. வாசிக்கிறன். “அண்ணை, ‘எல்லா அண்ட் லூயி’ சாதாரண எல்பி இசைத்தட்டு என்னட்ட இருக்கு. நிமிசத்துக்கு 45 சுற்றில ரெண்டு தட்டா வாற மறுபதிப்பை வாங்கலாமோ? பக்கத்தின்ர கடைசிப் பாட்டில குரல் சீறுது. ரெண்டு ஸ்பீக்கரிலயும் ஒரே சத்தம்தான் வருது. ஏமாத்திப்போட்டாங்களோ?”

ஏமாத்தேல்லை தம்பி, அது மோனோ, ரெண்டு பக்கமும் ஒரே சத்தம் வாற பதிவு. ஜாஸ் பாடகர் எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டும் லூயி ஆம்ஸ்ட்ரோங்கும் 1956 ஓகஸ்ட்டில ஹொலிவூட்டில பாடினது. இடத்திலயும் வலத்திலயும் வேற வேற சத்தம் வாற ஸ்டீரியோ எல்பி பரவலா கடைக்கு வந்ததே 1958 அளவிலதான். அதால குரல் நடுவிலதான் நிக்கும். உங்கட அம்ப்ளிஃபயரில மோனோ பட்டன் இருந்தால் அமத்திப் பாருங்கோ, பொரியிற சத்தம் நல்லா அடங்கும். மோனோ தட்டில ஊசி இடம் வலமா ஆடுறதுதான் பாட்டு. மேல கீழ துள்ளுறது தூசியும் கீறலும்.

இப்ப சீறலுக்கு வருவம். சாதாரண எல்பி நிமிசத்துக்கு 33 சுற்று, தட்டு ஒருக்காச் சுத்த 1.8 செக்கன். வெளி ஓரத்தில ஊசிக்குக் கீழால செக்கனுக்கு 50 சென்ரிமீற்றர் மட்டில ஓடும். நடுவில ஒட்டியிருக்கிற லேபலுக்குக் கிட்டப் போகப் போக அது 21க்கு இறங்கீடும். ஆனா ஃபிட்ஸ்ஜெரால்ட் பாடுற ‘ஸ்’ எங்க பாடினாலும் அதே ‘ஸ்’தானே? அந்தச் சத்தத்துக்குத் தட்டில வெட்டின நெளிவு எல்லாத்தையும் அரைவாசிக்கும் குறைஞ்ச நீளத்துக்குள்ள நெருக்கோணும். ஊசி தடுமாறும். 45இல சுத்தினால் அதே இடத்தில 28 கிடைக்கும். பதினொரு பாட்டையும் நாலு பக்கத்தில பிரிச்சுப் போடுறதால, லேபல் மட்டும் போகவும் தேவையில்லை. ரெண்டு தட்டு ஏனெண்டால் இதுக்குத்தான். ரெண்டு மூண்டு பாட்டுக்கு ஒருக்கா எழும்பிப் போய்த் திருப்பிப் போடோணும். எனக்கு அது கரைச்சல்தான், பொய் சொல்லேல்லை.

தட்டின்ர பாரம் 180 கிராம், 200 கிராம் எண்டு போட்டிருப்பாங்கள், அதுக்கு மயங்காதேங்கோ. பாரத்தில சத்தம் இல்லை.

ஆனா முதல் உங்கட ஊசியைப் பாருங்கோ. எனக்கும் இப்பிடித்தான் சீறினது, தட்டைத்தான் திட்டினன். பிறகு பூதக்கண்ணாடி பிடிச்சுப் பார்த்தால் ஊசி நுனியில சாம்பல் நிறத்தில ஒரு பஞ்சுருண்டை! மெல்லிய தூரிகையால பின்னுக்கிருந்து முன்னுக்குத் தட்டிவிட்டன், முக்கால்வாசி சரியாப் போச்சு. துப்புரவாக்கியும் சீறுதெண்டால் புது ஊசி போடுங்கோ. தட்டின்ர விலையும் பாசல் காசும் வரியும் சேர்ந்தால், அந்தக் காசுக்கு நல்ல ஊசியே வரும். அதுக்குப் பிறகும் கடைசிப் பாட்டு உறுத்தினால், 45ஐத் தாராளமா எடுங்கோ.

ஆ, நீங்கள் கடலுக்குக் கிட்ட இருக்கிறியள். கவரை அலுமாரிக்குள்ள சுவரோட ஒட்டி வைக்காதேங்கோ, மழைக்குப் பூஞ்சணம் பிடிச்சிடும்.