கோடு பிரிந்தால் ஸ்பின் கிளாஸா?
(மட்டக்களப்பில் பௌதிகவியல் மாணவர்களுக்கு ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

கொம்பு முறித்தலில் ஊர் வடசேரி, தென்சேரி என்று இரண்டாகப் பிரியும். பக்கத்து வீட்டாருக்கு எதிர்ச்சேரியில்தான் நிற்க வேண்டும் என்று ஒரு விதி வைத்துப் பாருங்கள். வீடுகள் வரிசையாக இருந்தால் சிக்கலில்லை. மூன்று வீடு முக்கோணமாக இருந்தால், மூன்றாம் வீட்டார் எந்தச் சேரிக்குப் போனாலும் ஒருவரோடு முரண்பட்டே ஆக வேண்டும். ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் நிற்க விரும்பும் காந்த அணுக்கள் முக்கோணத்திலோ நான்முகியிலோ அமர்ந்தாலும் இதே கதிதான். ஆங்கிலத்தில் ஃபிரஸ்ட்ரேஷன் என்பார்கள். நமக்கு 'இழுபறி' போதும்.

இழுபறி மட்டும் இருந்தால் ஸ்பின்கள், அதாவது அணுக்களின் சிறு காந்தங்கள், உறைய வேண்டியதில்லை. அவை ஒழுங்கில்லாத திசைகளில் உறைந்துபோவதுதான் ஸ்பின் கிளாஸ். வழக்கமான விளக்கப்படி பளிங்கில் ஒழுங்கின்மையும் வேண்டும். இட்ரியம் மொலிப்டினம் ஒக்சைட்டு (Y₂Mo₂O₇) அதனால்தான் ஆராய்ச்சியாளர்களைத் தலையைச் சொறிய வைத்தது. கியூரி–வைஸ் வெப்பநிலை (ஸ்பின்களுக்கிடையிலான பிணைப்பின் வலுவைக் காட்டும் அளவு; எதிர்க்குறி என்றால் எதிர்த்திசை விருப்பம்) ஏறத்தாழ −200 கெல்வின். உறைவதோ 22 கெல்வினில். எக்ஸ் கதிர்க் கோலத்தில் பளிங்கு சுத்தமாகத் தெரியும். அணுக்களின் அண்டைச் சூழலை நுணுகிப் பார்த்த பிறகுதான் மொலிப்டினம் அயன்கள் தம் இடத்திலிருந்து சற்று விலகியிருப்பது பிடிபட்டது.

இனி அளவீடு. மாதிரியைக் காந்தப்புலமில்லாமல் குளிரவைத்து, 100 ஏர்ஸ்டெட் புலம் கொடுத்து, சூடேற்றிக்கொண்டே அதன் காந்தமாக்கத்தை அளக்கிறோம். பிறகு புலத்தோடு குளிரவைத்து அளக்கிறோம். வெப்பநிலைக்கு எதிராக வரைந்த இரு கோடும் பிரிந்ததும் 'ஸ்பின் கிளாஸ்' என்று எழுதிவிடுகிறார்கள். அவசரம்! நுண்காந்தத் துணிக்கைகளிலும் கோடு பிரியும். புலம் தரும் மீகடத்திக் காந்தத்தில் முந்தைய அளவீட்டின் மிச்சப்புலம் தங்கியிருந்தால் முதற் கோடே பொய். 43 கெல்வின் பக்கம் ஒரு மேடு தெரிந்தால் மாதிரியைச் சந்தேகிக்குமுன் காற்றுக் கசிவைப் பாருங்கள். அது உறைந்த ஒட்சிசனாக இருக்கலாம்.

அடுத்து ஆடற்புலச் சோதனை: திசை மாறி மாறி ஆடும் சிறு புலத்துக்கு மாதிரி எவ்வளவு காந்தமாகிறது என்று வெப்பநிலையோடு அளப்பது. மீடிறனைப் பத்து மடங்காக்கும்போது உச்சம் எவ்வளவு நகர்கிறது? ஸ்பின் கிளாஸான செப்பு–மங்கனீசுக் கலப்புலோகத்தில் உறைவு வெப்பநிலையின் 0.005 பங்கு, தனித்தனித் துணிக்கைகளில் 0.1 அல்லது அதற்கு மேல். 22 கெல்வினில் 0.005 என்றால் 0.11 கெல்வின்தான். 0.5 கெல்வின் படியில் அளந்துவிட்டு 'உச்சம் நகரவில்லை' என்று சொல்லக்கூடாது.

எனக்கு அதிகம் நம்பிக்கையான சோதனை நினைவுச் சோதனை. புலமில்லாமல் குளிரவைக்கும்போது 16 கெல்வினில் மூன்று மணி நேரம் நிறுத்துங்கள். பிறகு 5 கெல்வின் வரை இறக்கி, புலம் கொடுத்துச் சூடேற்றி அளவுங்கள். நிறுத்தாமல் எடுத்த கோட்டை இதிலிருந்து கழியுங்கள். ஸ்பின் கிளாஸ் என்றால் 16 கெல்வின் அருகே ஒரு பள்ளம் விழும். ஒன்றோடொன்று தொடர்பில்லாத துணிக்கைகளில் அந்தப் பள்ளம் வராது.