மாத்திரைக்கு குறி வைக்கிற வேலை

[சட்டை காலர உள்பக்கம் திருப்பி கிட்ட காட்டுறோம்]

வணக்கம் மக்களே. பழைய வண்ணாரப்பேட்டைல எங்க ஆயா வீட்டு பீரோல தாத்தாவோட வெள்ள சட்டை ஒண்ணு இன்னும் இருக்கு, காலர் உள்ள கருப்பா சின்னதா ஒரு குறி, சலவைக்காரர் சேராங்கொட்டை மையில வெச்சது, எத்தன தடவ வெள்ளாவில போட்டாலும் போகாது. நூறு வீட்டு துணியோட கலந்தாலும் நம்மளுது தனியா தெரியும். மருந்துக்கும் இப்டி ஒரு குறி வைக்கிறாங்க.

ஒரு புது மருந்த முழுங்குனா உடம்பு அத அப்படியே வெச்சிருக்காது, கல்லீரல் உடைக்கும், எதையாச்சும் கூட ஒட்டும், உருவமே மாறிடும், அப்புறம் எத தேடுறது? அதனால மருந்து மூலக்கூறுல சாதா கார்பன் ஒண்ணுக்கு பதிலா கார்பன்-14ங்கற கதிரியக்க கார்பன வெச்சு செய்றாங்க, மருந்து எப்டி மாறுனாலும் அந்த கதிர வெச்சு தேடலாம். 1940ல மார்ட்டின் கேமனும் சாம் ரூபனும் கண்டுபுடிச்சது. அரை ஆயுள், அதாவது பாதியா கொறைய ஆகுற காலம், சுமார் 5,700 வருஷம், ஆய்வு முடியறதுக்குள்ள குறி மங்காது. அதோட பீட்டா கதிர் கண்ணாடி பாட்டில கூட தாண்டாது.

குறிய எங்க வைக்கிறோம்ங்கறது தான் விஷயமே. பாராசிட்டமால எடுத்துக்கோங்க, கடைசி ஸ்டெப்புல அமினோஃபீனாலோட அசிட்டிக் அன்ஹைட்ரைட் சேத்தா முடிஞ்சுது, அந்த அசிட்டைல் துண்டுலயே கார்பன்-14 வெச்சா வேலை சுலபம். ஆனா உடம்புக்குள்ள கொஞ்சம் மருந்துல அந்த துண்டு கழண்டுக்கும், கழண்டது கொழுப்புல கலந்துடும் இல்ல கார்பன் டை ஆக்சைடா மூச்சுல போய்டும், மிச்சம் குறியே இல்லாம திரியும். பட்டன்ல குறி வெச்ச மாதிரி தான், பட்டன் அறுந்தா சட்டை யாருதுன்னு எப்டி தெரியும்? பென்சீன் வளையத்துல தான் வைக்கணும், அது லேசுல உடையாது. அதுக்கு ரொம்ப முன்னாடி ஸ்டெப்புலேந்தே கதிரியக்க சரக்கோட ஆரம்பிக்கணும், ஸ்டெப்புக்கு ஸ்டெப்பு கொஞ்சம் வீணாகும், காசு கரையும். இருந்தாலும் இங்க சிக்கனம் பாக்கவே கூடாதுன்னு நான் அடிச்சு சொல்லுவேன்.

செஞ்சு வெச்சாலும் நிம்மதி கெடையாது, தன் கதிராலயே அந்த மருந்து கொஞ்சம் கொஞ்சமா கெட்டுப்போகும், அதனால ஃப்ரீசர்ல வெச்சு, குடுக்கறதுக்கு முன்னாடி மறுபடியும் சுத்தமா இருக்கான்னு பாக்கறாங்க.

[சிறுநீர் பாட்டில் வரிசையா]

இந்த குறி வெச்ச மருந்த குடுக்கறது வழக்கமா 4லேந்து 8 ஆரோக்கியமான ஆம்பளைங்களுக்கு, ஒரே ஒரு டோஸ், கதிரியக்கம் பெரும்பாலும் 100 மைக்ரோக்யூரி (கதிரியக்கத்த அளக்குற அலகு) கிட்ட. சாதா மருந்தோட கலந்து தான் குடுப்பாங்க. அப்புறம் நாள் கணக்கா சிறுநீர், மலம் எல்லாத்தையும் புடிச்சு அதுல உள்ள கதிரியக்கத்த எண்ணுவாங்க, குடுத்த கதிரியக்கத்துல 90 சதவீதத்துக்கு மேல திரும்பி வரணும்னு பாப்பாங்க. ரத்தத்துல மருந்து சம்பந்தமா சுத்துறதுல, உடம்பு மருந்த மாத்தி உண்டாக்குன ஏதாச்சும் ஒரு துண்டு மட்டும் 10 சதவீதத்த தாண்டி, விலங்குங்க உடம்புல அந்த அளவு வரலன்னா, அந்த துண்டையே தனியா செஞ்சு விஷத்தன்ம சோதிக்கணும்.